பதினொன்றில் மூன்று

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரை முயல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முயலின் காது நரம்பில் ரத்தம் எடுத்து, குழாயில் உறையவிட்டு, உறைந்ததை அரிசியளவு நறுக்கி, அதே முயலின் கழுத்து நரம்பில் திருப்பிச் செலுத்துவது அவர் வேலை. கட்டி நுரையீரலில் போய் அடைத்ததும் முயல் மூச்சுக்குத் திணறும். பிறகு அதைக் கரைக்கும் புது மருந்தை ஏற்றிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. பதினெட்டு வருஷத்தில் அதுவும் மரத்துப்போனது.

போன வருஷம் பதினொரு முயல்களில் மூன்று, மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் மூக்கில் ரத்தம் வழிந்து செத்தன. துடைத்தவர் இவர்தான். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிடச் சொன்னார் ஆய்வுக்கூடத் தலைவர். யாரும் மிரட்டவில்லை. பெரிய மனுஷன் சொல்கிறார், நமக்கேன் வம்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். செத்தது முயல்தானே.

இப்போது தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டு மூன்று வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. இவர் அரக்கப்பரக்க ஓடிவந்தபோது வார்டு வாசலில் அவள் புருஷன் நின்றிருந்தான், முகத்தில் கொஞ்சம் தெம்போடு.

"சோதனையில இருக்கற புது மருந்தாம், மச்சான். உங்க எடத்துல முயலுக்குப் போட்டுப் பாத்ததுன்னாங்க. நீங்க பாத்த வேலைன்னா தப்பாப் போகுமா? யோசிக்கவே இல்ல, கையெழுத்துப் போட்டுட்டேன்."

இவர் அவனைத் தாண்டி உள்ளே போய், மருந்துப் பையை மாட்டிக்கொண்டிருந்த டாக்டரின் கையைப் பிடித்தார். மூன்று முயல்களின் கதையையும் மூச்சுவிடாமல் சொல்லி, வேண்டாம் என்று கெஞ்சினார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பயத்தில் சொந்தக்காரர்கள் எதையாவது உளறுவதைத் தினமும் பார்க்கிறவர். கோப்பைத் திறந்து பதிவேட்டின் நகலைக் காட்டினார்.

"மயக்க மருந்துன்னுல்ல இருக்கு. யார் எழுதினது?"

எழுத்து குண்டுகுண்டாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. "நான்தான்" என்றார்.

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? விசாரிக்க நேரமில்லங்க. பழைய மருந்துக்குக் கரையல."

டாக்டர் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டுக் குழாயைத் திறந்தார். தங்கை அண்ணனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், அவர் வந்துவிட்ட தைரியத்தில். முயல்காரர் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் தெரிந்த அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.