யார்டு கண்

என் கணவர் சீதாபதி பல வருடமாக அழுதுகொண்டே இருக்கிறார். துக்கம் ஒன்றுமில்லை. குண்டூர் மிளகாய் யார்டில், அந்தப் பெரிய சந்தையில், கமிஷன் கடை வைத்திருப்பவர் கண்ணில் நீர் வழிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அங்கே எல்லோருக்கும்தான் வழிகிறது. நாங்களும் மிளகாய் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தோம்.

இந்த மே மாதம் வெயிலுக்காக யார்டை மூடினார்கள். மூட்டை இல்லை, நெடி இல்லை. கண் மட்டும் நிற்கவில்லை. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கீழ் இமை தளர்ந்து வெளியே மடங்கிவிட்டதாம். நீர் மூக்குப் பக்கம் வடியாமல் கன்னத்தில் இறங்குகிறதாம். சின்ன ஆபரேஷன், இமையை இழுத்துத் தைத்துவிடலாம் என்றார்.

அன்றிலிருந்து மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்குப் போவார், கூடத்துக்கு வருவார், துண்டால் ஒற்றுவார், கண்ணாடி முன்னால் இமையை இழுத்துப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிராவண மாதத்தில் மகள் ஸ்ரவந்திக்குக் கல்யாணம். இப்போது செய்தால் அதற்குள் ஆறிவிடும். யார்டு திறந்துவிட்டாலோ இவர் கையில் அகப்படமாட்டார்.

"ஏமண்டி, டாக்டருக்கு என்னதான் சொல்லட்டும்?"

"உனக்கென்ன, சொல்லிடுவ. கத்தி என் கண்ணுகிட்டல்ல வரும்."

"சம்பந்திங்க முன்னால இப்படியே ஒழுகிட்டு நிப்பீங்களா?"

"அப்பகிந்தலு அன்னிக்கு எல்லாரும்தான் அழுவாங்க. பொண்ணு கையைப் பால்ல நனைச்சு மாமியார் கையில வைக்கறப்போ அழாத அப்பன் உண்டா? அன்னிக்கு என் கண்ணுதான் சரியான கண்ணு!" தானே சிரித்துக்கொண்டார்.

கோங்கூராப் பச்சடியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்த ஸ்ரவந்தி சிரிக்கவில்லை.

"நான்னா, பாபாய் செத்தப்போ நீங்க அழுதீங்களா?"

அவருடைய தம்பியைக் கேட்கிறாள். போன வருடம் போய்விட்டார்.

"இது என்ன கேள்வி?"

"அன்னிக்கு எல்லாரும், 'அவருக்கு யார்டு கண்ணு, எப்பவும் அப்படித்தான்'னாங்க. ஒருத்தரும் உங்க தோளைக்கூடத் தொடல. நானும்தான். எனக்கு இன்னி வரைக்கும் தெரியல நான்னா. நான் கிளம்பற அன்னிக்கும் தெரியாமலே போகணுமா?"

அவர் நடை நின்றது.

"அழுதேன்மா" என்றார். "ரொம்ப அழுதேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். "திங்கக்கிழமை வரோம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார் என்னிடம்.

கன்னத்தில் நீர் இறங்கியது. துடைக்கவில்லை. இது எந்தக் கண்ணீர் என்று உற்றுப் பார்த்தேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று போய் அவர் தோளில் கை வைத்தேன்.