அக்கா உள்ளே இருந்த இருபது நிமிடங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. 'தினமும் தியானம் செய்வதால் வேலையில் என்ன பயன்?' என்று அலுவலக மாத இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் எங்கள் மேலாளர். விமான நிலையத்தில், பெட்டி காணாமல் போனவர்கள் வந்து கத்துகிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். எட்டு மணி நேரமும் திட்டு வாங்குவேன், ஒரு நாளும் திருப்பித் திட்டியதில்லை. அதனால் எனக்கு ஐஸ்கட்டி என்று பட்டப்பெயர். 'பய தினமும் தியானம் பண்றான் போல' என்று ஒரு வதந்தியும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், நான் ஒரு நாள்கூடத் தியானம் செய்ததில்லை.

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். அதற்கப்புறம் கதையாக எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 'நான்' என்று எழுதினால் என்னைக் கொஞ்சம் அழகாக்கிவிடுவேன், அதனால் இனிமேல் 'அவன்'.

2

முதல் தொடக்கம்: 'அதிகாலையின் அமைதியில் பறவைகள்

(பறவையெல்லாம் இல்லை. மேல்வீட்டு மோட்டார் சத்தம்தான்.)

இரண்டாவது தொடக்கம்: 'தியானம் என்பது

(தெரிந்தால்தானே முடிக்க.)

மூன்றாவது: அவனுக்கு முட்டிக்கொண்டு நின்றது.

ஆமாம், இதுதான். அவனுக்குப் பதின்மூன்று வயது. மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. வீட்டிலேயே தாழ்ப்பாள் போட்ட ஒரே இடம் குளியலறை, கழிப்பறையும் அதற்குள்தான். கல்லூரியில் யாரோ தியான வகுப்பு எடுத்தார்கள் என்று, பத்தொன்பது வயது அக்கா காலை ஆறு மணிக்கு உள்ளே போய், நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் துண்டை மடித்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். இருபது நிமிடம்.*

"அக்கா! அக்கோவ்! அவசரம்!"

பதில் வராது.

"அம்மா, இவள என்னன்னு கேளும்மா!"

"என்னத்தடா கேக்கச் சொல்ற? அவ உள்ள தவம் பண்றா, நாம வெளிய தவம் கெடக்குறோம்" என்பாள் அம்மா, அப்பாவின் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

"பரீட்சைக்கு உக்காந்தாக்கூட இப்படி உக்கார மாட்டா" என்பார் அப்பா, தோளில் துண்டோடு. அடுத்த முறை அவருடையது.

* வெளியே எங்கேயாவது போய்விட்டு வந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மூன்றாவது மாடி என்று சொன்னேனே, ஐயா.

3

இந்த இடத்தை மெதுவாக எழுத ஆசை. ஏனென்றால் அந்த வீடு இப்போது எங்களுடையது இல்லை. குளியலறைக்கு வெளியே அந்த நடையின் சிவப்புச் சிமெண்டுத் தரை காலையில் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாலே பேர்.

முதல் ஒரு மாதம் அவன் கதவைத் தட்டினான், உதைத்தான். பிறகு ஒன்று புரிந்தது. கோபம் ஏற ஏற வயிறும் இறுகியது. கத்தினால் நிலைமை இன்னும் மோசம். அசையாமல் உட்கார்ந்தால் மட்டும் ஒரு மாதிரி அடங்கியது. பிளாஸ்டிக் கதவின் கீழ்மூலை உடைந்திருந்தது. அதன் வழியாக அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. உள்ளே. வெளியே. வேறு வேலை இல்லாததால் அவனும் கூடவே விட்டான்.

நான்கு வருடம். தினமும் இருபது நிமிடம்.

ஒரு நாள் அக்கா கதவைத் திறந்தாள். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபடி இருந்தான்.

"டேய், போடா உள்ள. தூங்கிட்டியா?"

"இருக்கா, ஒரு நிமிஷம்."

"அவசரம்னு ஊரையே கூட்டின?"

"இப்ப இல்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதிப் பார்த்தேன், மூன்று முறை அடித்துவிட்டேன்.

4

அக்கா பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் அவள் அம்மாவோடு சண்டை போடுவாள். சீப்பு எங்கே, சட்டையை யார் இஸ்திரி போடுவது. "உள்ள இருக்குற வரைக்கும்தான் சாமி, வெளிய வந்தா பேய்" என்று அவன் ஓட்டுவான். முதல் வரைவில் அப்படியே எழுதி, தியானத்தை வாளிமேலேயே விட்டுவிட்டு வருகிறவள் என்று முடித்திருந்தேன்.

பிறகு யோசித்தேன். மிச்ச நேரமெல்லாம் அவள் என்ன செய்தாள்? நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தாள், மூன்று மாடி, எட்டுக் குடம். அப்பா சட்டைக்கும் என் சட்டைக்கும் (அவன் சட்டைக்கும்) இஸ்திரி போட்டாள். கல்லூரி முடிந்து டியூஷன் எடுத்தாள். யாரும் அவளிடம் எதையும் கேட்காத நேரம் ஒரு நாளில் அந்த இருபது நிமிடம்தான். அதையும் ஒருவன் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டான். அது இல்லாமல் போயிருந்தால் அவள் எப்படி ஆகியிருப்பாள் என்று யாருமே கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் கதையும்தான்.

5

ஞாயிற்றுக்கிழமை போன். அக்காவுக்கு இப்போது பாப்பா என்று ஒரு மகள்; கணவருக்குக் கப்பலில் வேலை.

"ஒண்ணு கேக்கட்டுமாடா? பாப்பாவ ஒரு மாசம் உன்கிட்ட வெச்சுக்கிறியா?"

"ஏன்க்கா, எங்கயாவது போறியா?"

"எங்க போக? மாமா கப்பல்ல இருந்து வரவே இன்னும் அஞ்சு மாசம் இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து பால கொட்டிட்டா. கை ஓங்கிட்டேன்டா. அடிக்கல. ஆனா அவ ஓடவே இல்ல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, எப்ப விழும்னு நின்னா. ஆறு வயசுடா அவளுக்கு."

"நீ இப்பல்லாம் உக்கார்றதில்லையாக்கா?"

"ஸ்கேன் சென்டர்ல ஒம்போது மணி நேரம் நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா அடுப்படியில நிக்கிறேன். உக்கார்றதாம்!" சிரிக்கப் பார்த்தாள். "உன்கிட்ட இருந்தா அவளாவது பயப்படாம இருப்பா. உனக்குத்தான் கோவமே வராதே. எங்கேருந்துடா வந்துச்சு உனக்கு அது?"

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றான் அவன்.

6

முடிவுகள்.

அ) அவன் போய்ப் பாப்பாவைக் கூட்டிவருகிறான். அவள் சமத்தாக இருக்கிறாள். ஆனால் பாலைக் கொட்டினால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஆறு வயதில் தெரிந்துகொள்கிறாள். வேண்டாம்.

ஆ) அவன் லீவு போட்டுவிட்டு அங்கே போகிறான். தினமும் பாப்பாவை வெளியே கூட்டிப்போகிறான், அக்கா உட்காருகிறாள், எல்லாம் சரியாகிவிடுகிறது. (ஒரு மாதம் லீவா? மேலாளர் சிரித்துவிடுவார். அக்காவோ, "எனக்கே நீ தியானம் சொல்லித் தர்றியா?" என்பாள்.)

இ) அவன் உண்மையைச் சொல்கிறான்: 'அக்கா, எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் நீ. உன் மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான்

இதை முடிக்கப் பயமாக இருக்கிறது. 'அப்போ நான் உட்கார்ந்ததெல்லாம் உனக்குத்தான் ஆச்சா, எனக்கு ஒண்ணும் இல்லையா?' என்று அவள் கேட்டுவிட்டால்?

7

இன்றைக்கு வியாழக்கிழமை. நாலு நாளாகிவிட்டது. 'அவன்' என்று எழுதிக்கொண்டு நான் செய்தது இதுதான்: அக்காவுக்குப் பதில் சொல்லாமல் தொடக்கம் தேடினேன், முடிவு தேடினேன். கவுன்ட்டரில் எவ்வளவு கத்தினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, உண்மைதான். ஆனால் அது நிதானமா, இல்லை வெறும் தள்ளிப்போடலா? அவளுடைய நாலு நாளில் எத்தனை முறை பால் கொட்டியதோ.

மாத இதழுக்கு ஒன்றும் தரப்போவதில்லை. டீ இடைவேளையில் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு அக்காவின் எண்ணை அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுடா. யோசிச்சியா?"

"யோசிச்சேன்க்கா. பாப்பா இங்க வர வேண்டாம்."

"சரிடா. பரவாயில்ல. உனக்கும் வேலை இருக்கும்ல."

"அக்கா, வெச்சுடாத. இரு. நான் இன்னும் முடிக்கல."

இதற்கப்புறம் சொன்னதை எழுத மாட்டேன். அது அவளிடம் சொல்ல வேண்டியது. கையை ஓங்கிவிட்டு உங்களுக்கு யாராவது போன் செய்திருந்தால், மிச்ச வாக்கியம் உங்களிடம்தான் இருக்கிறது. நான் எப்படித் தொடங்கினேன் என்பதை மட்டும் தருகிறேன்:

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லக்கா. நீதான் மறுபடி அந்த இருபது நிமிஷம்