நான்கு படங்களில் ஒரு வீடு

கல்வி வரலாற்றைப் பொன்னெழுத்தில் பொறிக்கிறவர்கள் தயவுசெய்து உளியைத் தீட்டி வைத்துக்கொள்ளவும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நெய்வேலிப் பள்ளிக்கூடம் ஒன்றின் நான்காம் வகுப்புக்குள் 'காட்சிவழிக் கதையாக்க முறை' காலடி எடுத்து வைத்தது. அதுவரை இருளில் மூழ்கிக் கிடந்த குழந்தைகள் அன்று முதல் கதை எழுதப்போகிறார்கள். முறைக்குக் கால் கிடையாது என்பதால், சென்னையிலிருந்து அதை ஒரு பியூன் தகரக் குழாயில் போட்டுத் தோளில் சுமந்து வந்தான். அவனுக்கு முன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு பயிற்சி அதிகாரி ராமலிங்கம் வந்தார்.

வகுப்பாசிரியர் கொளஞ்சிநாதனுக்குக் கதையிலும் அக்கறையில்லை, முறையிலும் அக்கறையில்லை. கம்மாபுரத்திலிருந்து செம்மண் புழுதியில் சைக்கிள் மிதித்து வந்த முழங்கால்கள் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தன. சேர்ந்த நாளிலிருந்து அவர் டெம்பரரி. அதிகாரி நல்லபடியாக நாலு வரி எழுதிவிட்டால் பெர்மனெண்ட். பெர்மனெண்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் சைக்கிளை யார் தலையிலாவது கட்டிவிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் குளித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மனுஷனைப் போல நடந்து வரலாம்.

"கொளஞ்சி, நம்ம புள்ளைங்க படத்தைப் பார்த்துக் கதை சொல்லுமாய்யா?" என்று காலையிலேயே கேட்டிருந்தார் தலைமையாசிரியர் சிங்காரவேல்.

"சண்டைக் காட்சியோட சொல்லும் சார். டூரிங் டாக்கீஸ்ல தெனமும் பார்த்துகினுதான இருக்குதுங்க."

"வெளையாடாதய்யா. அந்தாளு எழுதறதுலதான் உன் பொழைப்பே இருக்கு."

முறையின் விதிகள் முன்னதாகவே தபாலில் வந்திருந்தன. படங்களைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் தாங்களே வரிசைப்படுத்த வேண்டும். வரிசையிலிருந்து கதை ஊற்றெடுக்கும். எக்காரணம் கொண்டும் ஆசிரியர் குறுக்கிடலாகாது. கடைசி விதி கொளஞ்சிநாதனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சும்மா இரு என்று மேலிடத்திலிருந்து அவருக்கு வந்த முதல் உத்தரவு அது.

ராமலிங்கம் முதலில் உரையாற்றினார். குழந்தையின் உள்ளம் ஒரு மொட்டு என்றார், படம் ஒரு கதிரவன் என்றார். மேலைநாடுகளில் மொட்டுகள் எவ்வாறு மலர்கின்றன என்று விளக்கி முடிப்பதற்குள், முதல் வரிசையில் இரண்டு மொட்டுகள் தூங்கிவிட்டன. சிங்காரவேல் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். அவருக்கு அனுபவம் அதிகம்.

பிறகு படங்கள் வெளியே வந்தன. எல்லாம் ஒரே குடும்பத்தைப் பற்றியவை. ஒன்றில் காலி மனை, தரையில் அடித்த முளைக்குச்சி, கையில் கயிற்றோடு ஓர் ஆள். இன்னொன்றில் மொட்டைச் சுவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்காரன். மூன்றாவதில் அவன் ஏணியில் நிற்க, கீழே மனைவி கையை நீட்டியிருந்தாள். இருவர் கைக்கும் நடுவில் ஓர் ஓடு. நான்காவதில் முழு வீடு, வாசலில் குடும்பம். நான்கிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இரண்டு பேர் வரட்டும்" என்றார் அதிகாரி.

பாவாடை என்ற பையனும் செங்கமலம் என்ற சிறுமியும் எழுந்து வந்தார்கள். வகுப்பில் பாதிப் பேரைப் போல அந்த இருவரும் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலிசெய்த ஊர்க்காரர்கள். இருவர் அப்பன்மாரும் இப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. படங்களைப் பார்த்ததும் இருவரும் யோசிக்கக்கூட இல்லை. முதலில் முழு வீட்டை மாட்டினார்கள். அடுத்தது ஏணி. அப்புறம் கதவு நிலை. கடைசியில் காலி மனை.

ராமலிங்கத்தின் முகத்தில் கதிரவன் மறைந்தது. "சரி... கதையைச் சொல்லு" என்றார்.

பாவாடை கையைக் கட்டிக்கொண்டான். "வூடு இருந்திச்சிங்க. நோட்டீசு வந்திச்சி. அப்பாரு ஏணி மேல ஏறி ஓட்டைப் பிரிச்சிக் குடுக்கறாரு, அம்மா கீழ நின்னுகினு வாங்குது. ஒடையாம வாங்கணும்ங்க, ஒடைஞ்சா புதுசு யாரு வாங்கறது? அப்பறம் கதவு நெலையைப் பேத்துக்கினாங்க. செவுத்தை எடுத்துகினு போவ முடியாதுங்களே, அத வுட்டுட்டாங்க."

"கடைசியில?"

"எல்லாத்தையும் இடிச்சிட்டு அளக்க வந்துட்டாங்க. அளந்துட்டா மிசின் வந்துரும்ங்க."

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன மாதம் வந்த பையன்கூட ஆட்டினான்.

"முட்டாள்தனம்! வீட்டைப் பிரிக்கிறவங்க சிரிப்பாங்களா?" என்று கேட்டார் அதிகாரி. நியாயமான கேள்விதான்.

செங்கமலம் பதில் சொன்னாள். "போட்டோ புடிக்கறாங்கல்ல சார். எங்க ஊருலயும் புடிச்சாங்க. சிரிக்கச் சொன்னாங்க."

கொளஞ்சிநாதன் படங்களைப் பார்த்தார். சற்று முன்புவரை அது வீடு கட்டும் கதையாகத்தான் அவருக்கும் தெரிந்தது. இப்போது எவ்வளவு முயன்றாலும் அந்த ஓடு மேலே ஏறமாட்டேன் என்றது.

ராமலிங்கம் அவர் பக்கம் திரும்பினார். "என்ன மிஸ்டர் கொளஞ்சிநாதன், இதுதான் நீங்க சொல்லிக்கொடுத்த லட்சணமா? இது வீடு கட்டற கதைய்யா! புதுவாழ்வுக் கதை! சும்மா உட்கார்ந்திருக்கீங்களே?"

'குறுக்கிடலாகாது என்று தாங்கள்தானே...' என்று ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. தொண்டையில் இருந்த புழுதியோடு அதையும் விழுங்கினார். சிங்காரவேல் இப்போது முழுசாக விழித்துக்கொண்டு அவரைக் கண்ணால் கெஞ்சினார். புள்ளைங்க சொல்றதும் ஒரு கதைதானே சார் என்று சொன்னால் போதும். சொன்னால் சாயங்காலம் சைக்கிள். நாளைக்குச் சைக்கிள். ரிட்டயர் ஆகும்வரை சைக்கிள்.

எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

"தப்புடா பாவாடை" என்றார். "மாத்தி மாட்டு."

"எதுங்க சார் தப்பு?"

"எல்லாந்தான். கடைசியில இருக்கறது மொதல்ல வரணும்."

பாவாடை வாதாடவில்லை. சார் சொன்னால் மாற்ற வேண்டியதுதானே! காலி மனை முதலில் போனது. கதவு நிலை, ஏணி, முழு வீடு. செங்கமலம் மட்டும் புது வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அப்ப அவங்க திரும்பி வந்துட்டாங்களா சார்?"

பதில் தெரிந்துகொள்ள எல்லோருக்குமே ஆசை.

"வந்துட்டாங்க" என்றார் கொளஞ்சிநாதன். "உக்காந்து எழுது."

எழுதினார்கள். அந்த வகுப்பு அப்படிக் குனிந்து எழுதி அவர் பார்த்ததே இல்லை. மிசின் ரிப்பேர் ஆகிவிட்டது, அதனால் எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள் என்று பாவாடை எழுதினான். கிணறு அப்படியே இருந்தது, தண்ணீரும் இருந்தது என்று செங்கமலம் எழுதினாள். பின்வரிசைப் பையன் ஒருவன் மாட்டைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினான். ராமலிங்கம் நாலைந்து சிலேட்டுகளை வாங்கிப் படித்துவிட்டு மலர்ந்துபோனார்.

"பார்த்தீங்களா? எவ்வளவு கற்பனை! எல்லாம் முறையோட வெற்றி" என்றார். கொளஞ்சிநாதனின் தோளைத் தட்டினார். "ஆசிரியர் சரியான சமயத்துல குறுக்கிட்டார்" என்று தம் குறிப்பில் எழுதி, அதைச் சிங்காரவேலிடம் உரக்கப் படித்தும் காட்டினார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மண் தோண்டுகிற அந்த ஜெர்மன் இயந்திரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பியூனோடு ஜீப்பில் ஏறினார்.

மணி அடித்த பிறகும் செங்கமலம் போகவில்லை. "சார், எந்த ஊர்க்காரங்க சார் திரும்பி வந்தது?" என்று கேட்டாள்.

"வேற ஊரும்மா. நீ போ."

சாயங்காலம் எதிர்காற்று. வீட்டு வாசலில் அவர் சைக்கிளைச் சாத்துவதற்குள் மனைவி தமயந்தி வந்துவிட்டாள்.

"எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு. ரொம்ப நல்லாவே எழுதிட்டாரு."

"குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்குல குடுப்பாங்க? ஆஸ்பத்திரி பக்கமா கேளுங்க. எது எதை எடுத்துகினு போறது, எதை வுடறதுன்னு இப்பவே பார்த்து வெக்கணும்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அந்த வருஷம் யாரையும் பெர்மனெண்ட் ஆக்கவில்லை.