மாடுகள் இன்று வடக்கு ஓரம்

ஹார்க்ஸ்டன் மேட்டில் நாயோடு நடக்கிற எல்லோருக்கும் நாய் பார்ஸ்லியைத் தெரியும், அதைக் கூட்டிவரும் லோர்னாவைத் தெரியாது. "என்னடா பார்ஸ்லி, இன்னைக்கு லேட்டு?" என்று குனிந்து அதன் காதைத் தடவுவார்கள். நிமிர்ந்து லோர்னாவிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவள் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மே மாதம் பிறந்ததும் மேட்டில் மாடுகளை மேய விட்டார்கள். மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள் என்று மேட்டு வேலியின் வாசல் கதவில் ஒரு தகடு. லோர்னா அதைத் தினமும் படிப்பாள். படித்துவிட்டுக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வாள்.

அன்று காலை மூடுபனி. உயரமான புல்லுக்குள் கன்று படுத்திருந்தது அவள் கண்ணில் படவில்லை. பார்ஸ்லி ஒரே ஒரு தடவை குரைத்தது. கன்று துள்ளி எழுந்தது. பின்னால் தரை அதிர்ந்தது.

கயிற்றை விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை திறக்கவில்லை. தாய்ப்பசு தோளில் முட்டியதும் மல்லாந்து விழுந்தாள். குளம்பு விலாவில் இறங்கியது. பார்ஸ்லி நடுங்கிக்கொண்டு அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. பசு மறுபடி தலையைத் தாழ்த்தியது நாயைப் பார்த்துத்தான்.

"ஓடு! ஓடிடு!" என்று கத்திக்கொண்டே கயிற்றைக் கையிலிருந்து உருவி எறிந்தாள்.

நாய் பாய்ந்தது. பசு அதன் பின்னால் ஓடியது. இரண்டும் பனிக்குள் மறைந்தன. மேடு அமைதியாகிவிட்டது. போன் வீட்டில் கிடந்தது. கூப்பிட ஆளில்லாததால் அதை எடுத்துவரும் பழக்கமே அவளுக்கு இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, மேட்டு மாடுகளைக் கவனித்துக்கொள்ளும் ராஸ் தன் வண்டியில் வந்தான்.

"அய்யய்யோ, பார்ஸ்லியோட அம்மாதானே நீங்க? அசையாதீங்க."

"பார்ஸ்லி எங்க?"

"வண்டி நிறுத்துற இடத்துல நிக்குது, ஒரு கீறல் இல்ல. அத அங்க பாத்துட்டுத்தான் உங்களத் தேடி வந்தேன். கயித்த முதல்லயே விட்டிருக்கக் கூடாதாம்மா? அதுக்கு நாலு காலு இருக்கு, ஓடிப் பொழைச்சுக்கும்."

"தெரியும். மனசு வரல."

ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, "வீட்ல யாருக்குச் சொல்லணும்? நம்பர் சொல்லுங்க" என்றான்.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான். சொன்னாள். ராஸ் அதைப் போனில் தட்டினான். திரையில் வந்த பெயரைப் பார்த்து நிமிர்ந்தான்.

"இது நாய் ஆஸ்பத்திரி நம்பராச்சே."

"ஆமா" என்றாள்.

ராஸ் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான்.

விலா எலும்பு மூன்று, தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்திருந்தன. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பார்ஸ்லி ராஸ் வீட்டில் இருந்தது. பார்க்க வந்ததும் அவன் மட்டும்தான், ஒரே தடவை.

"அந்தப் பசுவ என்ன செய்வாங்க?"

"வேலி போட்ட வயலுக்கு மாத்தியாச்சு. அதும் புள்ளைக்காரி, பயந்துருச்சு."

"அத ஒண்ணும் பண்ணிடாதீங்க."

பார்ஸ்லியைக் கொண்டுவந்து விட்டபோது ராஸ் அவள் பெயரும் போன் எண்ணும் கேட்டுக் குறித்துக்கொண்டான். ஜூலையில் மறுபடி மேட்டுக்குப் போக ஆரம்பித்தபோது, ராஸ் காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: 'மாடுங்க இன்னைக்கு வடக்கு ஓரம். தெற்கு வாசல் வழியா வாங்க, லோர்னா.' மறுநாளும் வந்தது. அதன் பிறகு தினமும். அவள் எழுந்ததும் போனைத்தான் தேடினாள். 'நன்றி' என்று எழுதி, வேறு ஏதாவது சேர்க்கலாமா என்று யோசித்து, அப்படியே அனுப்புவாள்.

அக்டோபர் கடைசியில் இப்படி வந்தது: 'மாடெல்லாம் கொட்டகைக்குப் போயாச்சு. இனி எந்த வாசல்லயும் வரலாம். பயமில்ல.'

மறுநாள் போன் ஒலிக்கவில்லை. லோர்னா ஏழரை மணி வரை பார்த்தாள். பிறகு வடக்கு வாசல் வழியாகவே போனாள். பார்ஸ்லியை அவிழ்த்துவிட்டாள். அது சந்தோஷமாக ஓடிப்போயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மாடு இல்லை. காய்ந்த சாணியை மிதிக்காமல் விலகி நடந்தாள்.