சாய்ப்புக்குள் நடந்த வேலை

படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, மீன் பிடிக்கப் போகலாமா என்பதுதான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சுயம்பு தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எனக்கென்ன வெட்கம்? நான் அம்பூரிக்காரி. நெய்யாற்றைப் பார்த்தே வளர்ந்தவள். தலை பின்னத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தூண்டிலில் புழு கோர்க்கத் தெரியும்.

கட்டிக்கொண்டு வந்த இடம் உதியன்குளங்கரை. இந்த வீட்டுக்காரர்களுக்கு மீனைத் தின்னத் தெரியுமே தவிர, பிடிக்கத் தெரியாது. இவர்களுக்கு மரம்தான் எல்லாம். சுயம்பு நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க மெஷினைத் தட்டிவிட்டு, லீவு நாளில் வீட்டின் பின்னால் கூரை இறக்கிக் கட்டிய சாய்ப்புக்குள் உளியும் இழைப்புளியுமாக இறங்கிவிடுவார். அவருடைய தம்பி ஷிஜு ஆட்டோ ஓட்டுகிறவன், மரம் அறுப்பது அவன் பொறுப்பு. அக்கா சத்யபாமா மைனிக்குத் தையல் கடை. அவள் புருஷன் கல்ஃபில் இருந்ததால் எங்களோடுதான் இருந்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் அவள் கையை யாரும் மிஞ்ச முடியாது. எண்ணெய் பூசி மினுக்குவது நான். நான்கு பேருமாகச் சேர்ந்து செய்த அடுக்களை அலமாரியின் நடுத்தட்டு ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருக்கும். அதை யார் அளந்தது என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சொல் சட்டம், மத்தியானத்துக்கு மேல் அவர் சொல் சட்டம். அப்படித்தான் எங்களுக்குள் ஒப்பந்தம். விடிந்ததும் ஷிஜுவின் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அருவிப்புறத்துப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போவோம். தூண்டில் கம்புகள் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுயம்புவுக்குப் பொறுமையே கிடையாது, தக்கை அசைவதற்கு முன்பே இழுத்துவிடுவார். மைனி பேசிப் பேசியே மீனை விரட்டுவாள். நான் எல்லோரையும் ஏசிக்கொண்டே ஒரு கோர்வை திலாப்பியாவும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வராலும் பிடித்துவிடுவேன். மத்தியானம் குழம்பு, அதற்குப் பிறகு சாய்ப்பு. இதைவிட நல்ல வாழ்க்கை யாருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறைதான். பிள்ளை தங்கவில்லை.

முதல் தடவை, ஐந்தாம் மாதமே சுயம்பு அயினி மரத்தில் தொட்டில் செய்தார். எத்தனை அழகான தொட்டில்! நான்தான் எண்ணெய் பூசினேன். அடுத்த மாதம் பிள்ளை போய்விட்டது. ஷிஜு தொட்டிலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்தான். யாருக்கென்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தடவை யாரும் எதையும் செய்யவில்லை. அதுவும் தங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைக்கென்று ஒரு துணியோ ஒரு மரத்துண்டோ முன்கூட்டியே இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு சட்டம் வந்துவிட்டது. மைனி தன் கடையில் குழந்தைச் சட்டை தைத்தால்கூட அதை என் கண்ணில் படாமல் மறைத்து வைப்பாள்.

தொண்ணூற்றாறில் மூன்றாவதாக உண்டானது. டாக்டரம்மா உள்ளே ஒரு தையல் போட்டார். பாத்ரூமுக்கு நடக்கலாம், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான் என்றார். கவலைப்படாமல் இருந்தாலே பாதி ஜெயம் என்றும் சொன்னார். உதியன்குளங்கரை ஜங்ஷனில் நான் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் தையல் கடை வைத்திருந்த மைனி அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளைக் ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு படு என்றால் எப்படி இருக்கும்? கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். அந்த மாதம் அது இறங்கவே இல்லை. கஞ்சியில் உப்பில்லை என்று கத்தினேன், உப்பு போட்டால் உப்பு கூடிவிட்டது என்று கத்தினேன். உண்மையில் எனக்குப் பயம். வயிற்றில் ஒரு சின்ன இழுப்பு வந்தாலும் இதுவும் போய்விட்டது என்றே நினைப்பேன். யாரிடமும் சொல்லமாட்டேன், கஞ்சியைத்தான் ஏசுவேன். அவர்களும் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். நான் இல்லாமல் போகமாட்டார்களாம். எனக்காக நிறுத்தினார்கள் என்பதே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழை குறையத் தொடங்கியபோது சாய்ப்புக்குள் வேலை நடக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார்கள். அதற்கு முன் ஒருநாளும் அந்தக் கதவைச் சாத்தியதில்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சுயம்பு பெஞ்சு என்றார், ஷிஜு அலமாரி என்றான். மைனியிடம் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அவள் தலைமுடியெல்லாம் மரத்தூள். புதிதாக இழைத்த அயினியின் வாசனை என் படுக்கைவரை வந்தது. அந்த வாசனை வந்தாலே எனக்கு முதல் தொட்டில்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷிஜு கைநிறைய அழிக்கம்புகளைச் சுமந்துகொண்டு சாய்ப்புக்குள் போனான். எல்லாம் ஒரே அளவு, உருட்டி வழவழப்பாகத் தேய்த்தவை. தொட்டிலைச் சுற்றி நிறுத்துகிற அழிகள் அப்படித்தான் இருக்கும்.

படுக்கையில் விழுந்ததும் கத்த ஆரம்பித்தேன். அன்று மெயின் ரோட்டில் போன பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். மூன்று பேரும் ஓடிவந்து வாசலில் நின்றார்கள்.

"யாரைக் கேட்டு தொட்டில் செய்யுதிய? ரெண்டு போனது போராதா? இதையும் கொண்டு போவணுமா?" என்றேன். இப்போதே அதைக் கோடாலியால் வெட்டி என் கண்முன்னால் எரிக்க வேண்டும், இல்லையென்றால் நடந்தே அம்பூரிக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். நான் கத்தியதில் தப்பே இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். என் இடத்தில் யார் இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

மைனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுயம்பு கையைக் காட்டி அவளைத் தடுத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனார். இரண்டு பேரும் எதையோ தூக்கிவந்து என் ஜன்னலுக்கு நேரே முற்றத்தில் இறக்கினார்கள்.

நீளமாக, தாழ்வாக ஒரு கட்டில். முன்னும் பின்னும் தூக்கிச் சுமக்க இரண்டிரண்டு கைப்பிடிகள். தலைமாடு லேசாகச் சரிந்து உயர்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் அழிகளுக்குத் துளை போட்டிருந்தார்கள், பாதி அழிகள் நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பக்கத்துச் சட்டத்தின் நடுவில் ஒரு குழி. அதில் ஒரு தூண்டில் கம்பைச் செருகினார் சுயம்பு. கம்பு ஆடாமல் நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டில் இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

"ஒனக்காக்கும்," என்றார். "இடது பக்கமாட்டு சாஞ்சு கெடந்தே தூண்டல் போடலாம். நம்ம தோட்டத்துக் கொளத்தங்கரை சரிவில்லியா, நீ உருண்டு விழாம இருக்கத்தான் அழி." பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தார். "நான் தொட்டில் செய்வேனா குமாரி? ஒனக்கு இருக்குத பயமும் பேடியும் எனக்கு இல்லேன்னு நெனச்சியா?"

இரண்டு தடவையும் இழந்தது நான் மட்டும்தான் என்பதுபோலவே இருந்துவிட்டேன். இந்த மனுஷனும் அதே பயத்தைத் தினமும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு டைப் அடிக்கப் போயிருக்கிறார். படுக்கையில் கிடந்தபடியே ஓவென்று அழுதேன். மைனி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு, அழாதே மக்கா, அழாதே மக்கா என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

ஏன் என்னிடம் மறைத்தார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். டாக்டரம்மா சம்மதிக்க வேண்டுமே. அடுத்தமுறை போகும்போது கேட்கலாம், முடியாது என்று சொல்லிவிட்டால் நான் ஆசைப்பட்டு ஏமாறக்கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அவர் கட்டிலின் அளவு, தூக்குகிற தூரம், தரை மேடுபள்ளம் எல்லாம் விசாரித்தார். குலுங்காமல் தூக்குவதென்றால் சரி, எங்கே படுத்தாலும் படுக்கை படுக்கைதான் என்று சிரித்தார்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய குளம் உண்டு. ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக என்னைத் தூக்கினார்கள். முன்னால் சுயம்புவும் ஷிஜுவும், பின்னால் மைனியும் அடுத்த வீட்டு ஈசாக்கும். ஈசாக் சர்ச்சில் பெருநாளுக்குப் புனிதர் சொரூபம் சுமக்கிறவர். சொரூபம் இப்படி வாய் பேசாது என்றார். ஏனென்றால் நான் வழிநெடுக, மெதுவா, வேர் கிடக்கு, ஷிஜு உன் பக்கம் தாழுது என்று அதட்டிக்கொண்டே போனேன்.

தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீராக வந்தது. புழுவை மைனி கோர்த்துத் தந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. தூண்டிலை வீசிவிட்டு அழியின் மேல் கையை வைத்துக்கொண்டு தக்கையைப் பார்த்தபடி கிடந்தேன். எல்லோரும் என்னைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மைனிகூடப் பேசவில்லை. தக்கை அசைந்தது. அதே நேரத்தில் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று துள்ளியது. நான் தக்கையை விட்டுவிட்டேன். மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போனது. ஷிஜு என்னைப் பார்த்து, போச்சே மைனி, போச்சே என்று தலையில் கைவைத்தான். போனால் போகட்டும். வயிற்றில் ஒன்று அசைந்து, நான் பயப்படாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு மழை பெய்யாத சாயங்காலமெல்லாம் குளத்தங்கரைதான். ஐப்பசியில், துலா மாதத்து மழைக்குக் கட்டிலின் மேல் தார்ப்பாய் கட்டினார்கள். திலாப்பியா பிடித்தேன், பரல் மீன் பிடித்தேன், படுத்தபடியே ஒரு வராலைக் கரையேற்றி ஈசாக்கை வாயடைக்க வைத்தேன். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று ஊரில் சிலர் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அந்த நான்கு கைப்பிடிகளைப் பிடித்தவர்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. தெய்வத்திடம் கைகூப்பும்போதெல்லாம் அந்த எட்டுக் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

மார்கழியில், எங்கள் தனு மாதம், நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண். அழுத அழுகையில் நர்சு, அம்மையின் தொண்டை அப்படியே உண்டு என்றாள். மைனி மூன்றாவது மாடியிலிருந்து கீழே ஓடி, ஆட்டோவில் காத்திருந்த ஷிஜுவிடம் சொல்லிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

சுயம்பு அன்று முழுக்க பிள்ளையைத் தொடவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் வந்தவர் கட்டிலின் பக்கத்தில் நின்று சட்டைப்பையைத் தடவுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார். என்ன வேண்டும், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று அதட்டினேன்.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் அனுமதி கேட்டார்.

"அளவு எடுக்கட்டா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பிள்ளையின் உச்சந்தலையில் டேப்பின் நுனியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கால்வரை இழுத்தார். அது காலை உதறியது. டேப் நழுவியது. மறுபடியும் வைத்தார். கண்ணீரில் எண் தெரியாமல், நீயே பார்த்துச் சொல்லு என்று டேப்பை என் பக்கம் திருப்பினார்.

நான் பார்த்துச் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டே டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"அது மட்டும் போராது," என்றேன். "வளரப்போற பிள்ளையாக்கும். மரத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சே வெட்டுங்க."