எண்பது வாரம் தாண்டியவள்

என் செங்காந்தி சிறைக்குள் போனது போன வருஷம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் ஆடி பிறந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. காவல் அவ்வளவு பலமா என்றால், அதெல்லாம் ஒன்றுமில்லை. கதை சொல்ல வேண்டிய பிரபாகர் தன் குறிப்புகளை எதில் எழுதி வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்பது போல ஏதாவது சொல்வோம். முடிந்ததா, கால் உடைந்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வாரா வாரம் கதை நீளும், ஆட ஆடப் பாத்திரத்துக்கு அனுபவப் புள்ளிகள் சேரும். நாமக்கல்லில் பிரபாகர் குடும்பத்துக்கு முட்டைக் கோழிப் பண்ணை. பண்ணை ஆபீசின் மாடி அறையில் ஞாயிறு மதியம் கூடுவோம். சேலத்தில் சர்ச்சில் பூசை முடித்து நானும் என் சித்தி மகன் ஜூட்டும் பஸ் பிடித்துப் போவோம். இளம்பிள்ளையில் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் தமிழினி ஸ்கூட்டியில் வந்துவிடுவாள்.

நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வாரம் ஆறு நாளும் மற்றவர்கள் பட்ட அடியை, உடைந்த எலும்பைத் தட்டச்சு செய்கிறவள். ஏழாம் நாள் செங்காந்தியாக இருந்தேன். பரிசல்காரி. துடுப்பாலேயே நாலு பேரை அடித்துப் போடுவாள். அந்தப் பொங்கல் ஞாயிறு, ஆற்றங்கரைச் சிறையில் அடைத்து வைத்திருந்த பன்னிரண்டு பிள்ளைகளை வெளியே விட்டாள். கதவை யாராவது உள்ளிருந்து பிடித்தால்தான் அது திறந்து நிற்கும். பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளை தாண்டியதும் கதவு விழுந்தது. நான் அழுதுவிட்டேன்.

"அடுத்த வாரம் உங்களை வெளிய கொண்டாந்தரலாமுங்க," என்றார் பிரபாகர்.

அடுத்த வாரம் போனால் மேசை மேல் பகடை இல்லை, லேப்டாப் இருந்தது.

"நோட்ஸ் எல்லாம் செதறிக் கெடக்குதுங்க. ஒரு எடத்துல சேர்த்துட்டா அப்புறம் சல்லுனு போயிரலாமுங்க."

அதுவரை அவரிடம் இருந்தது ஒரே ஒரு நீள நோட்டு. அது எங்கேயும் சிதறவில்லை, அவர் முழங்கைக்குக் கீழேயே இருந்தது.

முதலில் வந்த செயலி பக்கத்தோடு பக்கத்தை முடிச்சுப் போடும். ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஆள் வரும் எல்லா இடமும் வரும். மூன்று மாதம் முடிச்சுப் போட்டார். கடைசியில் எங்கள் உலகம் முழுவதும் புள்ளியும் கோடுமாகத் திரையில் சுற்றியது. நாங்கள் கைதட்டினோம். செங்காந்தி எங்கே என்று கேட்டேன். ஒரு புள்ளியைக் காட்டினார். அதிலிருந்து எந்தக் கோடும் போகவில்லை.

அடுத்தது வரைபடத்தோடு வந்தது. அதற்குத் தமிழ் ஆகவில்லை. கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் விழுந்தது. அதற்கடுத்தது ரகசியங்களை ஆட்டக்காரர்களுக்குக் காட்டாமல் மறைக்குமாம். மறைத்தது. அவருக்கும் சேர்த்து மறைத்தது. அதிலிருந்து ரகசியங்களை மீட்கவே இந்த வருஷச் சித்திரை முடிந்துவிட்டது.

பிறகு, சும்மா கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதுதான் தப்பு என்று, எல்லாச் செயலிகளையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டார். இருபத்து மூன்று அம்சங்கள். கரண்ட் போனால் வேலை செய்யுமா, போனில் திறக்குமா, கம்பெனியை மூடிவிட்டால் குறிப்புகள் கைக்கு வருமா. அந்த அட்டவணையை எதில் வைப்பது என்று இரண்டு ஞாயிறு பேசினோம்.

பேசினோம் என்றுதான் சொல்கிறேன். நாங்கள் ஒன்றும் யோக்கியம் இல்லை. கதையில் வரும் ஏழு நாடுகளுக்கும் என்னென்ன நிறம் என்று தமிழினி நிற அட்டையோடு வந்தாள். ஜூட் போனில் பார்த்த விமரிசனங்களை வாய் ஓயாமல் ஒப்பித்தான். நான் அந்த நீள நோட்டில் பாதியை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஆபீசில் வாங்குகிற கைவலி போதாதென்று இங்கேயும். நோட்டில் கோயில்களைப் பற்றிய பக்கங்கள் முடிந்ததும் சிறைதான் என்று சொல்லியிருந்தார். கோயில்கள் முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிறைக்குள் என்ன இருக்கும் என்று நானே யோசித்துக்கொண்டு வருவேன்.

ஆனி மாதம் பிரபாகர் முகம் பளபளத்தது. பண்ணைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். எந்த ஷெட்டில் எத்தனை கோழி, என்ன வயது, என்ன தீவனம், எத்தனை முட்டை, எத்தனை இறப்பு, எல்லாம் ஒரே திரையில்.

"இத்தன நாளா ஊரெல்லாம் தேடிட்டு இருந்தனுங்க. கீழ ஆபீசுலயே இருக்குது. ஷெட்டுன்னா ஊரு, கோழின்னா ஆளு. அவ்வளவுதானுங்க."

தமிழினி மட்டும், "முட்டைன்னா என்னங்க?" என்று கேட்டாள்.

"அனுபவப் புள்ளிங்க."

நியாயமாக நாங்கள் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் வேலை முடியப்போகிறது என்று ஆசை. ஏழு நாடுகளும் ஏழு ஷெட்டுகள் ஆயின. தலைமை அரக்கனுக்குத் தடுப்பூசி போடும் தேதி வந்துவிட்டதாக எங்கள் எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்தது. ஜூட்டின் பாத்திரமான பாணன் ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் தீவனம் தின்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் தயார், விளையாடலாம் என்றார். நான் பகடையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் ஜூட் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

பிரபாகர் திரையைப் பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க வினோலியா, ஒரு சின்ன சிக்கலுங்க."

எண்பது வாரம் தாண்டியும் முட்டையிடாத கோழியை அந்த மென்பொருள் தானாகவே கழிவுப் பட்டியலில் சேர்த்து லாரி ஏற்றிவிடும். மற்ற இருவருக்கும் சோதனைக்காக அவர் கொஞ்சம் புள்ளிகள் போட்டு வைத்திருந்தார். சிறையில் இருப்பவளுக்கு ஏது அனுபவம் என்று செங்காந்திக்குப் பூஜ்யம். சிறைக்குப் போன நாளையே அவள் ஷெட்டுக்கு வந்த நாளாகப் போட்டிருந்ததால், முந்தின நாள் சனிக்கிழமையோடு அவளுக்கு எண்பது வாரம் முடிந்திருந்தது.

"திரும்பச் சேர்த்துடுங்க," என்றேன்.

"லாரி ஏறுன கோழியத் திரும்ப ஷெட்டுக்குள்ள உட்டா நோய் வந்துருமுங்க. அதுனால அதுல வழியே வைக்கலைங்க."

"பிரபாகர், அவ உயிரோட இருக்கா. உங்க எல்லாருக்கும் தெரியும்."

ஜூட்டைப் பார்த்தேன். "எனக்கு ஞாபகம் இருக்குக்கா," என்றான். "ஆனா சிஸ்டத்துல அப்படி இல்லையே." தமிழினி தன் போனில் பார்த்துவிட்டு, இங்கேயும் கழிவு என்றுதான் காட்டுகிறது என்றாள், ஏதோ எனக்கு உதவி செய்வதைப் போல. அவர்களோடு ஆறு வருஷமாக ஆடுகிறேன். எனக்கு உண்மையிலேயே வலித்தது.

"புது ஆளு ஒண்ணு போட்டுக்கலாமுங்க," என்றார் பிரபாகர். "பாரம் ரெடியா இருக்குது. நாப்பத்தாறு கட்டந்தான்."

"அந்தக் கதவு விழுந்ததே, அதுக்கப்புறம் உள்ள என்ன நடந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. நான் பாரம் நிரப்புறேன்."

அவர் பட்டன்களைத் தட்டினார். ஷெட் ஐந்துக்குப் போனார், ஷெட் இரண்டுக்கு வந்தார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"தெரியாதுங்க," என்றார் கடைசியில்.

"எதுல போட்டீங்கன்னு தெரியலையா?"

"எதுலயும் போடலைங்க. அந்த ஞாயித்துக்கெழமையே தெரியலைங்க. கதவு விழுந்துருச்சு, நீங்க அழுதுட்டீங்க. அதுக்கு மேல நல்லா ஒண்ணு சொல்லோணுமுல்லங்க? ஒண்ணும் வரலைங்க. ஒழுங்கா எழுதி வெச்சாலாவது வருமுன்னு பாத்தேன்."

ஒன்றரை வருஷம். நூற்று நாற்பது பக்கம் தட்டச்சு.

"என்னைக் கேட்டிருக்கலாமே," என்றேன். "நான்தானே உள்ள இருந்தேன்."

லேப்டாப்பை நானே மூடினேன். உள்ளே இடுப்பளவு தண்ணீர் என்றேன். சிறை ஆற்றுக்குக் கீழே இருக்கிறது, சுவரில் கசிவு, தண்ணீர் வந்தால் போகவும் ஒரு வழி இருக்கும். தரையில் ஒரு மதகு, துடுப்பால் கம்பியை நெம்பிவிட்டேன், இப்போது முங்குகிறேன் என்றேன். பஸ்ஸில் எண்பது வாரம் யோசித்ததல்லவா, தடங்கல் இல்லாமல் வந்தது.

பிரபாகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன நேரம் மூச்சுப் புடிப்பீங்க?"

"பரிசல்காரிங்க நான்."

"மதகு நீளமுங்க. அந்தப் பக்கம் வெளிச்சந் தெரியறதில்லை. பன்னெண்டுக்கு மேல உழுந்தா கரை."

உருட்டினேன். நான்கு.

"அக்கா, மேசை ஓரத்துல பட்டுச்சு," என்றான் ஜூட் அவசரமாக. "மறுபடி உருட்டு."

"படல," என்றேன்.

கீழே ஷெட்டில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. பிரபாகர் சொல்ல ஆரம்பித்தார். திக்கித் திக்கித்தான் சொன்னார். பாதி மதகில் மூச்சு முடிந்ததையும், துடுப்பு கையை விட்டுப் போனதையும், ஆறு அவளை அடையாளம் கண்டு மெதுவாக வாங்கிக்கொண்டதையும் சொன்னார். அந்த அறையில் யாராவது கதை சொல்லி எத்தனை நாளாயிற்று. தமிழினி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன், சந்தோஷமாகவும் இருந்தது.

"அந்தப் புள்ளைங்க?" என்று கேட்டாள் தமிழினி. "கரையில இருந்தாங்களா?"

"இருந்தாங்க. துடுப்பு மெதந்து வந்ததப் பாத்தாங்க. மொதல்ல பாத்தது சின்னவன் மாரப்பன். அப்பறம் குஞ்சாயி, வேம்பன், காளியண்ணன், ரெட்டைப் புள்ளைங்க பாவாயும் நல்லாயும், நொண்டிச் செல்லான், தங்காயி, ராக்கி, பழனாயி, சடையன், பேசாத புள்ள பூங்காவனம்."

பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணினேன், ஒன்று குறையவில்லை. ஒரு காகிதம் பார்க்கவில்லை, மேலே கூரையைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெயர்களை அவர் எந்தச் செயலியிலும் ஏற்றவே இல்லை என்பது தட்டச்சு செய்த எனக்குத்தான் தெரியும். அந்த மனுஷனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.