கடலுக்குப் போன திட்டுக்கும் ஒரு பங்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேவாலய மணி அடித்து ஓய்வதற்குள், பசிபிக் கடலின் டோகெலாவில் எங்கள் பவளத் தீவின் தென்கோடித் திட்டு அடியோடு கழன்று, தன் தென்னைகளோடும் தேங்காய் வெட்டப் போயிருந்த ஃபலனீகோவோடும் கடலுக்குள் கிளம்பிவிட்டது. காற்று கிழக்கிலிருந்து வீசியது. திட்டோ காற்றை எதிர்த்துக் கிழக்கே போனது. படகில் துரத்தியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் கரையில் மீன் பங்கு வைக்கும்போதுதான் வம்பு வந்தது. எங்கள் ஊரில் பிடிபடும் மீன் எல்லாருக்கும் சரிசமம். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டு. கப்பலேறிப் போய்விட்டவருக்கு மட்டும் பங்கு நின்றுவிடும். பங்கு நின்றால் அவர் ஊர்க்காரரே இல்லை. ஃபலனீகோவுக்கு இனிப் பங்கில்லை என்றார் பங்கு பிரிக்கும் லூயி. ஃபலனீகோவின் மனைவி தெலேசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரு எந்தக் கப்பல்ல ஏறினாரு மாமா? ஊர்ல ஒரு துண்டு உலாத்தப் போயிருக்கு. அவரு இன்னும் அது மேலதான் நிக்கிறாரு. அது நம்ம மண்ணுதானே?"

"அப்போ சுறாவுக்குப் பங்கு வைக்கச் சொல்றியா?"

"வையுங்க. எது தின்னா உங்களுக்கென்ன?"

பெரியவர்கள் லூயியைப் பார்த்து, வைத்துவிடு என்று தலையாட்டினார்கள். லூயி வேண்டாவெறுப்பாக ஒரு சூரை மீன் வாலைத் தூக்கிப் போட்டார். தெலேசியா அதை ஓலைக்கூடையில் வைத்து, திட்டு இருந்த இடத்தில் மிதக்க விட்டாள். கூடை அலையைச் சட்டை செய்யாமல் கிழக்கே போனது. அதன்பிறகு மீன் வந்த நாளெல்லாம், வருடக்கணக்கில், கூடையும் போய்க்கொண்டிருந்தது. தஹிட்டிப் பக்கம் திட்டைப் பார்த்ததாகக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். வரைபடக்காரர்கள் எங்கள் தீவை ஒரு திட்டு குறைத்து அச்சடித்தார்கள். கணவனுக்குத் துக்கமாகக் கறுப்பு உடுத்தும்படி தெலேசியாவிடம் சொன்னவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மீனே படாத வாரங்களில் மட்டும் அவளுக்குப் பயம் வந்தது. பங்கு வரவில்லையென்றால், தன்னை ஊர் கைவிட்டுவிட்டது என்று அவர் நினைத்துவிடுவாரோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, திட்டு பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எந்த ஊர் என்று தெரியாத ஆடு ஒன்று அதில் மேய்ந்தது. ஃபலனீகோ சற்றுப் பருத்திருந்தார். இறங்கியவர் நேரே லூயியிடம் போனார்.

"ஏன் மாமா, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது தலை வைக்கக் கூடாதா? எப்பவும் வாலு, வாலு!"

தெலேசியா அழுதுகொண்டே சிரித்தாள். திட்டைத் தேங்காய் நார்க் கயிற்றால் பாறையோடு கட்டினோம். வரைபடக்காரர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் லூயி பெரிய சூரைத் தலை ஒன்றை எடுத்து ஃபலனீகோவின் கூடையில் வைத்தார். ஆட்டுக்கும் பங்கு உண்டா என்ற பேச்சுதான் இன்னும் முடியவில்லை. அதுவும் நம் மண்ணில் நின்றுதானே வந்தது என்கிறாள் தெலேசியா.